கூரைக்குத் தண்ணி ஊத்தாத நாலு நாளு

இப்பல்லாம் கூரையோட பலம் பாக்கப் புடிக்கிற கான்கிரீட் க்யூப்புக்குள்ள நகம் சைசுல ஒரு சில்லு பொதைச்சு வெக்கிறாங்களாம். அதுக்கு நேரா போனைக் காட்டினா எந்தக் கட்டடம், எந்த மாடி, என்னிக்கிப் போட்டது, எல்லாத்தையும் ஒப்பிக்குமாம். டெல்லி ஓரத்துல, நரேலாவுல நாங்க இப்ப இருக்கிற ப்ளாட்டுக்குப் பக்கத்துல வேலை நடக்குது. அங்க ஒரு சின்ன இன்ஜினியர் பொண்ணு, தமிழ்ப் பொண்ணுதான், டீக்கடையில எங்கிட்ட பெருமையா சொல்லிச்சு. "இனிமே யாரும் ஏமாத்த முடியாது ஆன்ட்டி."

நான் சிரிச்ச சிரிப்புல டீ மூக்குல ஏறிடுச்சு.

"ஏன் சிரிக்கிறீங்க?"

"கண்ணு, அந்தச் சில்லு க்யூப்பு எங்க பொறந்துச்சுன்னு சொல்லும். எப்படி வளந்துச்சுன்னு சொல்லுமா?"

அதுக்கு வெளங்கல. "முழுசா சொல்லுங்க ஆன்ட்டி, இல்லன்னா எழுதிக் குடுங்க"ன்னுச்சு. எழுதறதா? நான் படிச்சது ரெண்டாங் கிளாஸு. அதுலயும் பாதி நாளு வாத்தியாருக்கு ஒடம்பு சரியில்ல, மீதி நாளு எனக்கு. அதனால வாயால சொல்றேன், போனே தமிழ்ல எழுதிக்குது. பக்கத்துல உக்காந்து பேத்தி திருத்தறா. அவ தமிழ் படிக்கிறது ரிங் ரோடு ட்ராபிக் மாதிரி, ரெண்டடி போவும், நின்னுடும். தப்பு இருந்தா அவளைத் திட்டுங்க.

எம் பேரு தனம். கள்ளக்குறிச்சிப் பக்கம் பொறந்து, கல்யாணமாகி ஜங்புரா மதராசி கேம்ப்புக்கு வந்தவ. வந்த மூணாம் நாளே எங்க வூட்டுக்காரருக்கு சித்தப்பா முறை, பெருமாள் மேஸ்திரி, என்னை சைட்டுக்கு இட்டுக்கிட்டுப் போயிட்டாரு. தஸ்லான்னு சொல்ற இரும்புச் சட்டியைத் தலையில வெச்சாரு. அப்புறம் பல வருசம் அதை எறக்கவே இல்ல. நான் செமந்த மண்ணையும் ஜல்லியையும் ஒரே எடத்துல கொட்டியிருந்தா, டெல்லிக்காரனுக்கு வூட்டுப் பக்கத்துலயே ஒரு மலை கெடைச்சிருக்கும், சிம்லாவுக்குப் போற செலவு மிச்சம்.

தலையில இருந்து சட்டி எறங்கினது மாத்தூர் சாப்பால.

மாத்தூர் சாப் தரம் பாக்கற இன்ஜினியரு. ஒல்லியா, நரைச்ச மீசையோட, எப்பவும் இஸ்திரி போட்ட சட்டையில இருப்பாரு. தமிழ் தெரியாது, எங்ககிட்ட இந்தியிலதான் பேசுவாரு. கத்தவே மாட்டாரு. கத்தற இன்ஜினியருங்களை நாங்க சமாளிச்சிடுவோம், அவங்க கத்தி முடிக்கிற வரைக்கும் நெழல்ல நிக்கலாம். இந்த மனுசனை சமாளிக்க முடியாது. ஏன்னா அவரு மே மாசம் ரெண்டு மணி வெயில்ல, லூ காத்து அனலா அடிக்கிறப்ப, ஷூவைக் கழட்டிக் கையில புடிச்சிக்கிட்டு, சாக்ஸை பாக்கெட்டுல சொருகிக்கிட்டு, புதுசா போட்ட தளத்து மேல வெறுங்கால்ல நடப்பாரு. நல்லா தண்ணி ஊத்தி வெச்ச எடம் காலுக்குச் சில்லுன்னு இருக்கும். ஏமாத்தின எடம் தோசைக்கல்லு. சுட்டுச்சுன்னா குதிக்க மாட்டாரு. அங்கேயே நிப்பாரு. நின்னுக்கிட்டு மேஸ்திரியைக் கூப்பிடுவாரு. "வாங்க, நீங்களும் செருப்பைக் கழட்டிட்டு எங்கூட நில்லுங்க, பேசலாம்." பேச்சு ரொம்ப நேரம் போவும்.

அவருக்கு மூணு அச்சா உண்டு. குட்டையா "அச்சா"ன்னா சரி. இழுத்து "அச்ச்சா"ன்னா நம்பல. சத்தமே வராம உதடு மட்டும் அசைஞ்சா, யாருக்கோ சீட்டு கிழியப் போவுதுன்னு அர்த்தம்.

அவருக்கு எண்ணிக்கை தவறாத ஆளு ஒண்ணு வேணும்னாரு. "எம் மாமியாரு வூட்டுல முட்டை எண்ணினவ சாப் நானு"ன்னேன். சிரிக்கல, ஆனா வேலை குடுத்தாரு.

வேலை க்யூப்பு புடிக்கிறது. கூரைக்குப் போவுற கலவையிலேருந்து கொஞ்சம் எடுத்து, ஒரு ஜாண் கூட வராத சதுர இரும்புப் பெட்டியில போடணும். பெட்டிக்குள்ள மொதல்ல எண்ணெய் தடவணும், மெல்லிசா, தோசைக்குத் தடவுற மாதிரி. மூணு அடுக்கா போடணும். ஒவ்வொரு அடுக்கையும் கம்பியால முப்பத்தஞ்சு குத்து. முப்பத்து நாலு குத்தினாலும் சாப்புக்குத் தெரிஞ்சிடும், எங்கேயோ திரும்பி நின்னுக்கிட்டு இருந்தாலும். மேல வழிச்சு விட்டு, ஈரச்சாக்கு போத்தி, மறுநாள் பெட்டியைப் பிரிச்சு, மேல நம்பர் போட்டு, தண்ணித் தொட்டியில முழுக வெக்கணும். ஏழாம் நாளு சிலது, இருவத்தெட்டாம் நாளு சிலது, மெஷினுக்குப் போய் நசுங்கும். எவ்வளவு பாரத்துல நசுங்குதோ அதுதான் கூரையோட பலம்னு காயிதத்துல எழுதுவாங்க.

நான் புடிச்ச க்யூப்பு பெயிலானதே இல்ல. சைட்டுல எனக்குப் பேரே "பாஸ் அம்மா". சும்மா வருமா? பெரிய ஜல்லியை லேசா ஒதுக்கி, நல்ல பதமா இருக்கிற எடத்துல கரண்டி போடுவேன். தொட்டித் தண்ணியை வாரம் ஒருதரம் மாத்துவேன். எம் புள்ளைங்களைக் கூட நான் அப்படிக் குளிப்பாட்டினதில்ல. மேஸ்திரி மாமாவுக்கு வாயெல்லாம் பல்லு. "தனம் கை வெச்சா பாஸு"ன்னு மத்த காண்ட்ராக்டருங்ககிட்ட எல்லாம் பீத்திக்குவாரு. நானும் தலையை நிமித்திக்கிட்டுத்தான் நடந்தேன்.

அப்பதான் அந்தப் பிரசவ ஆஸ்பத்திரி வந்துச்சு. எங்க கேம்ப்புலேருந்து நடந்து போற தூரம். ரெண்டு மாடிதான், ஆனா புது மாதிரி. பழைய கட்டடம் இடிச்ச குப்பையை அரைச்சு செஞ்ச கல்லு. வெயில் உள்ள வராத மாதிரி ஜன்னல். மழைத்தண்ணியைப் புடிச்சு பூமிக்குள்ள எறக்கக் குழி. வெள்ளம் வந்தாலும் நொழையாம தரையை இடுப்பு ஒசரம் தூக்கி, பூமி ஆடினாலும் தாங்கற மாதிரி கம்பி கட்டு. சிமெண்டுல பாதிக்குப் பக்கமா அனல் மின்சார நெலையத்துச் சாம்பலு.

சாம்பலைப் பாத்துட்டு, "சாப், பாத்திரம் தேய்க்கிறதைக் கூரையில போடறீங்களே"ன்னேன்.

"தனம்ஜி, இது பொறுமைசாலி. மெதுவா இறுகும், கடைசியில சிமெண்டை விட நல்லா நிக்கும். ஆனா ரெண்டு வாரம் விடாம தண்ணி குடிக்கணும். நடுவுல நிறுத்தினா பாதியிலயே வளர்றதை விட்டுடும். அப்புறம் எவ்வளவு ஊத்தினாலும் பிரயோஜனமில்ல."

மேல்தளம் போட்டோம். பாத்தி கட்டி தண்ணி நிறுத்தினோம். அஞ்சு நாளு கொறையில்ல. ஆறாம் நாளு சாப்பு தம் பொண்ணு கல்யாணத்துக்கு லீவுல போனாரு. "நாலு நாளு, தளம் உங்க பொறுப்பு"ன்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாரு. மேஸ்திரிகிட்ட இல்ல, எங்கிட்ட.

அதுக்கு ரெண்டு நாளு முன்னாடியே எங்க கேம்ப்புக்குத் தண்ணி லாரி நின்னு போச்சு. ஆறாம் நாளும் வரல. சைட்டுக்கு மட்டும் டேங்கர் டாண்ணு வந்துச்சு. மத்தியானம் சைட்டு கேட்டுப் பக்கம் சத்தம் கேட்டுப் பாத்தா, எங்க சந்துப் பொம்பளைங்க மொத்தப் பேரும் கொடத்தோட நிக்கிறாங்க. முன்னாடி சரோஜா, எங்க அடுத்த வூட்டுக்காரி.

"யக்கா, கல்லு மேல ஊத்தறியே, எங்க மேல ஊத்தக் கூடாதா? மூணு நாளா புள்ளைங்க குளிக்கல. எங்க வூட்டுக்காரரு கிட்டக்க வந்தா நானே எழுந்து ஓடறேன்."

"அவரு குளிச்சாலும் ஓடறவதானடி நீ."

சிரிச்சாளுங்க. நான் பைப்பைத் திருப்பி விட்டேன்.

நாலு நாளும் விட்டேன். மறைக்க என்னா இருக்கு? கூரைக்குத் தாகம் எடுத்தா வாயைத் தொறந்து கேக்காது, புள்ளை கேக்கும். மிச்சம் இருந்ததைத் தளத்து மேல தெளிச்சேன், கோலத்துக்கு வாசல் தெளிக்கிற மாதிரி. வடக்கு மூலைக்குப் பைப்பு எட்டாது, கொடத்துல மொண்டு போயித்தான் ஊத்தணும். கொடமெல்லாம்தான் கேம்ப்புக்குப் போயிடுச்சே. அந்த மூலைக்கு ஒரு சொட்டு போவல. ஆனா க்யூப்புத் தொட்டி மட்டும் ரொம்பி வழிஞ்சுது. அதுல கை வெக்க எனக்கு மனசு வரல. நம்ம பேரு அதுலதான இருக்கு!

சாப்பு வர்ற அன்னிக்கு விடியக்காலையிலேருந்து ஊத்து ஊத்துன்னு ஊத்தினேன். வந்தாரு, ஷூவைக் கழட்டினாரு, நடந்தாரு. சில்லுன்னு இருந்துச்சு. குட்டையா ஒரு "அச்சா". கல்யாண லட்டு குடுத்தாரு. தின்னேன். தின்ன கையோட இன்னொரு கொடத்தை வடக்கு மூலைக்குத் தூக்கினேன்.

தளத்தைத் தாங்கின சென்ட்ரிங் பலகையைப் பிரிச்சதுக்கு அப்புறம் ஒரு மழை பேஞ்சுது. பிரசவம் பாக்கப் போற ரூமுல பெருக்கிக்கிட்டு இருந்தேன். தற்செயலா மேல பாத்தா வடக்கு மூலையில ஈரம், முடி மாதிரி ஒரு விரிசல். அந்த வாரமே இருவத்தெட்டாம் நாளு க்யூப்பு மெஷினுக்குப் போச்சு. பாஸு! அதுவும் வேணுங்கிறதை விட ஒசரமா. மேஸ்திரி மாமா ஜிலேபி வாங்கிட்டு வந்தாரு. "பாஸ் அம்மா, வாயைத் தொற!"

வாயைத் தொறக்கறதுக்குள்ள அடுத்த சேதியும் அவரே சொன்னாரு. "நாளை மறுநாள் மேல தண்ணி டேங்கு ஏத்தறோம். நாலு பெரிய டேங்கு, வடக்கு மூலையில."

வடக்கு மூலைக்குக் கீழதான பிரசவ ரூமு.

ஒரு நாளு பூரா யோசிச்சேன். காயிதத்துல பாஸு. சொல்லாட்டி யாருக்கும் தெரியாது. சொன்னா என் வேலை போவும், மேஸ்திரி மாமா பேரு போவும், சந்துப் பொம்பளைங்களைத் திருடிங்கன்னுவாங்க. டேங்கு ஏறினா ஒருவேளை ஒண்ணும் ஆவாமலும் இருக்கலாம். இந்த "ஒருவேளை"யை வெச்சுக்கிட்டு நான் வேணா தூங்கிடுவேன். கீழ வலியில படுத்திருக்கிறவ மேல அதைத் தூக்கி வெக்க முடியுமா?

மறுநாள் காலையில சாப்பு தனியா இருக்கறப்ப போயி நின்னேன்.

"சாப், ஒரு கதை சொல்லட்டா?"

"வேலை நேரத்துலயா?"

"வேலைக் கதைதான். ஒரு அம்மாவுக்கு ரெண்டு புள்ளைங்க. ஒருத்தனைத் தொட்டியில போட்டு, தண்ணி காட்டி, ராஜா மாதிரி வளத்தா. இன்னொருத்தனைக் கூரை மேல வெயில்ல காயப் போட்டா. பரிச்சைக்கு மட்டும் தொட்டிப் புள்ளையை அனுப்பினா. அவன் பாஸ் பண்ணான். இப்ப கூரைப் புள்ளை தலையில மூட்டையை ஏத்தப் போறாங்க."

சாப்பு கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. அழுக்கே இல்லாத கண்ணாடி.

"எத்தனை நாளு?"

"நாலு."

"எந்தப் பக்கம்?"

"வடக்கு மூலை ரொம்ப."

"தண்ணி எங்க போச்சு?"

"கொடத்துல."

உதடு மட்டும் அசைஞ்சுது. சத்தம் வரல.

டேங்கை நிறுத்திட்டாரு. சேதி மத்தியானத்துக்குள்ள சைட்டு பூரா பரவிடுச்சு. மேஸ்திரி மாமா கத்தினதை இங்க சொன்னா பேத்தி போனைக் கழுவ வேண்டியிருக்கும். "கெடைச்ச பாஸை யாராவது கொண்டு போயித் திருப்பிக் குடுப்பாங்களாடி? நாளையிலேருந்து இந்தப் பக்கம் வராத!" சாப்பு அதைத் தடுக்கல. எனக்கு அதுதான் வலிச்சுது. ஆனா நாயம்தான். பொறுப்புன்னு சொல்லிட்டுப் போனவரு அவரு.

மொதல்ல ஒரு சுத்தியல் மாதிரி கருவியை வெச்சுத் தளம் பூரா தட்டிப் பாத்தாங்களாம். வடக்கு மூலையில மட்டும் நம்பர் எறங்கிடுச்சு. அங்க மெஷினை வெச்சு, வாழைத்தண்டு மாதிரி உருண்டையா தோண்டி எடுத்து நசுக்கினாங்க. இருக்க வேண்டிய பலம் இல்ல. அப்ப ரெண்டே வழி. இடிக்கணும், இல்லாட்டி பாரம் ஏத்திப் பாக்கணும். இடிச்சா எல்லாம் திரும்பக் குப்பை. சாப்பு பாரம் ஏத்திப் பாக்கலாம்னாரு. அதுக்கு சைட்டுல குவிஞ்சிருந்த பழைய கட்டடத்துக் குப்பையை மூட்டை மூட்டையா கட்டி, மெதுவா, அதிராம, ஒண்ணு ஒண்ணா மேல வெக்கணும். நெறைய ஆளு வேணும்.

சேதி கேட்டு சரோஜா என் வூட்டு வாசல்ல வந்து நின்னா. பின்னாடி மொத்தச் சந்தும்.

"யக்கா, கெளம்பு."

"எங்கடி?"

"தண்ணி குடிச்சவங்கதான மூட்டை தூக்கணும்?"

கேட்டுல மேஸ்திரி மாமா கையைக் குறுக்க நீட்டினாரு. சரோஜா அவரு முன்னாடி இடுப்புல கை வெச்சு நின்னா. "மாமா, நாலு நாளு உன் பொண்டாட்டியும் கொடம் எடுத்தா. அவளையும் வரச் சொல்லட்டா?" மாமா கையை எறக்கிட்டாரு. பின்னாடியே அத்தையும் வந்துடுச்சு.

சாப்பு தராசை வெளிய எடுத்து வெச்சாரு. ஒவ்வொரு மூட்டையும் எடை போட்டு, எங்க வெக்கணும்னு சாக்பீஸால கட்டம் போட்டுக் குடுத்தாரு. கீழ ரூமுல கூரையைத் தொட்டுக்கிட்டு கடியாரம் மாதிரி கருவிங்க, முள்ளோட. கூரை தலைமுடி அளவு எறங்கினாலும் முள்ளு நகரும். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் பாரம் இருக்கணும். மறுநாள் எறக்கிட்டு இன்னொரு நாளு காத்திருக்கணும். எறங்கினதுல நாலுல மூணு பங்கு கூரை தானா எழும்பி வந்துட்டா உசுரு இருக்குன்னு அர்த்தம். வரலன்னா இடிக்கணும்.

எறக்கின மறுநாள் காலையில எல்லாரும் அந்த ரூமு வாசல்ல. எண்ணிக்கை தவறாதவ நானு, ஆனா அன்னிக்கு முள்ளு பக்கம் திரும்ப எனக்குத் தெம்பில்ல. சாப்பு ஒவ்வொண்ணா குனிஞ்சு பாத்து எழுதினாரு. தெக்கு, வந்துடுச்சு. கெழக்கு, வந்துடுச்சு. மேற்கு, வந்துடுச்சு. வடக்குல ரொம்ப நேரம் குனிஞ்சே இருந்தாரு.

"கொஞ்சம் குறையுது. இடிக்க வேண்டாம். இந்த மூலைக்குக் கீழ ஒரு இரும்பு உத்திரம் குடுப்போம். டேங்கை மாடிப்படிக்கு மேல தூண் இருக்கிற எடத்துக்கு மாத்துவோம்."

சரோஜா எங் காதுல, "யக்கா, பாஸா, பெயிலா?"

"ட்யூஷன் வெக்கணும்னு சொல்றாருடி."

சாப்பு தமிழ் தெரியாத மனுசன். ஆனா எல்லாரும் சிரிச்சதுல அவருக்கும் மீசை ஆடுச்சு.

அடுத்து, பக்கத்துலயே டாக்டரம்மாங்க தங்குற கட்டடம். தளம் போடறதுக்கு மொத நாளு ஆளு அனுப்பி என்னைக் கூப்பிட்டாரு. மேஸ்திரி மாமா, "சாப், அவளுக்கு வாய் நீளம்"னாரு. "க்யூப்பு புடிக்க அந்த வாய்தான் வேணும்"னாரு சாப்பு.

நான் ஒரு கண்டிசன் போட்டேன். அந்த மாசம் கிருத்திகைக்கு மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போயிருந்தப்ப பூக்காரம்மா மல்லிப்பூவை ஈரத்துணியில சுத்தி, மேல பிளாஸ்டிக் பையால மூடி வெச்சிருந்ததைப் பாத்தேன். அந்த வெயில்லயும் பூ வாடல, தண்ணியும் தெளிக்கல. "தளத்துக்கும் அப்படிப் போத்தலாமே சாப்? ஈரச்சாக்கு, மேல பிளாஸ்டிக் தாளு. பறந்து போற தண்ணி உள்ளேயே நிக்கும். கேம்ப்புக்கு நாலு கொடம் குடுத்தாலும் கூரைக்குப் பத்தாமப் போவாது."

"இது புஸ்தகத்துலயே இருக்கு, தனம்ஜி."

"அங்க இருந்து என்னா சாப் பிரயோஜனம்? வெயில் அடிக்கிறது புஸ்தகத்து மேலயா?"

நிமிந்து வெயிலைப் பாத்தாரு. அப்புறம் குட்டையா ஒரு "அச்சா". டேங்கர்ல மிச்சமாவுற தண்ணியைப் புடிச்சுக்க சைட்டு கேட்டுக்கு வெளிய ஒரு குழாயும் வெச்சுக் குடுத்தாரு.

அவரும் ஒரு கண்டிசன் போட்டாரு. இனிமே க்யூப்பு ரெண்டு செட்டு. ஒண்ணு வழக்கம் போல தொட்டியில. இன்னொண்ணு தளத்து மேலயே, அதே சாக்குக்குக் கீழ, வடக்கு மூலையில. கூரைக்கு என்னா கெடைக்குதோ அதுதான் அதுக்கும். ஜல்லியை ஒதுக்கக் கூடாது, கரண்டி எங்க விழுதோ அங்கேயே எடுக்கணும். "கூரை க்யூப்பு பெயிலாச்சுன்னா?"ன்னு கட்டடத்தை எடுத்துச் செய்யற காண்ட்ராக்டரு பதறினாரு. "பெயிலாச்சுன்னு தெரிஞ்சுப்போம்"னாரு சாப்பு.

பதினாலு நாளு அந்த மூலையை நான் பாத்துக்கிட்ட மாதிரி எங்க வூட்டுக்காரரைப் பாத்திருந்தா மனுசன் இன்னும் நூறு வருசம் இருந்திருப்பாரு.

இருவத்தெட்டாம் நாளு மெஷின்கிட்ட எல்லாரும் நின்னோம். தொட்டி க்யூப்பு மொதல்ல. எப்பவும் போல ஒசரமான நம்பரு. அப்புறம் கூரை க்யூப்பு. மெஷின் அழுத்துது, அழுத்துது. படார்னு ஒடைஞ்சுது. தொட்டிப் புள்ளையை விடக் கொறைச்சல்தான். ஆனா வேணுங்கிறதுக்கு மேல.

சாப்பு ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல எழுதினாரு. அத்தனை வருசத்துல காயிதத்துல ஏறின மொத நெசமான கூரை நம்பரு அதுதான். அதுக்கப்புறம் நான் வேலையை விடற வரைக்கும் எந்தக் கட்டடத்துலயும் ரெண்டு செட்டு இல்லாம க்யூப்பு புடிச்சதில்ல. சிலது பெயிலும் ஆச்சு. ஆனப்ப எல்லாம் யாரும் உள்ள குடி போறதுக்கு முன்னாடியே சரி பண்ணினோம்.

அன்னிக்கு வெளிய வர்றப்ப மேஸ்திரி மாமா கேலியா கேட்டாரு. "என்னாடி தனம், நீ இன்னும் பாஸ் அம்மாதானா?"

"இருங்க மாமா, கூரையைக் கேட்டுட்டு வந்து சொல்றேன்."